பக்கத்துத் தெருவில் எந்தப் பெட்டி ஓடுகிறது?

கேள்வி: நான் தருமபுரி பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் ஆசிரியை. மகன் ஒன்பதாம் வகுப்பு, மகள் நான்காம் வகுப்பு. தீபாவளிக்கு கேம் கன்சோல் வாங்கித் தருவதாக வாய்விட்டுவிட்டேன். சீட்டு எடுத்த பணம் ஐம்பதாயிரம் இருக்கிறது, ஐந்தாறாயிரம் கூடினால் சமாளிப்பேன். மகன் பிஎஸ்5 (சோனியின் பிளேஸ்டேஷன் 5) என்று நிற்கிறான். அவன் சிநேகிதர்களில் இரண்டு பேரிடம் பிஎஸ்4, ஒருவனிடம் பிஎஸ்5 இருக்கிறதாம். கடைக்காரர் மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ் போதும் என்கிறார். சிங்கப்பூரில் இருக்கும் என் தம்பி நின்டெண்டோவின் ஸ்விட்ச் 2 வாங்கி வருகிறேன் என்கிறான். என் கணவரின் நண்பர் நாற்பது கேம் ஏற்றிய பழைய பிஎஸ்4 ஒன்றைப் பதினெட்டாயிரத்துக்குத் தருகிறாராம். எங்கள் டிவி 43 அங்குலம், ஃபுல் எச்டிதான். அதையும் மாற்ற வேண்டுமா? ஜிடிஏ என்று ஏதோ புதிதாக வரப்போகிறதாமே, அதற்காகத்தான் இவன் துடிக்கிறானோ என்றும் சந்தேகமாக இருக்கிறது. எதை வாங்கலாம்?

பதில்: வணக்கம் டீச்சர். பதினாறு வருடமாக கன்சோல் பழுதுபார்க்கிறேன், விற்கவும் செய்கிறேன். "எது பெஸ்ட்?" என்று கேட்டுத்தான் எல்லோரும் வருவார்கள். அதற்குப் பதில் சொல்வதற்கு முன்னால் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: பையனோட ஃபிரெண்ட்ஸ் என்ன வச்சிருக்காங்க? நீங்கள் கேட்காமலே அதைப் போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். என் முடிவில் பாதி அந்த ஒரு வரியிலேயே இருக்கிறது. மீதியைச் சொல்கிறேன்.

முதலில் அந்தப் பதினெட்டாயிரம் ரூபாய் பிஎஸ்4. இதை வேண்டாம் என்று ஒரே பேச்சாகச் சொல்லிவிடலாம், ஆனால் காரணம் தெரியாவிட்டால் நாளைக்கே இன்னொருவர் இன்னும் விலை குறைத்துக்கொண்டு வருவார். நாற்பது கேம் "ஏற்றி" தருகிறார் என்றால் அந்தக் கன்சோலின் மென்பொருள் பூட்டை உடைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். ஜெயில்பிரேக் என்பார்கள். உடைத்த பூட்டு அப்படியே இருக்க வேண்டுமானால் கன்சோல் பழைய மென்பொருளிலேயே நிற்க வேண்டும், அப்டேட் செய்யவே கூடாது. அப்டேட் செய்யாத கன்சோல் சோனியின் ஆன்லைன் பக்கமே போக முடியாது. உங்கள் மகன் முதல் வாரம் நாற்பது கேமையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்ப்பான். இரண்டாம் வாரம் சிநேகிதனோடு ஆன்லைனில் சேர்ந்து ஆடலாம் என்று அப்டேட் பொத்தானை அமுக்குவான். அன்றோடு ஏற்றிய கேம் எதுவும் ஓடாது. அப்புறம் உங்கள் கணவரின் நண்பர் போனை எடுக்க மாட்டார். இந்தக் கதையின் கடைசிக் காட்சி பல தடவை என் மேசையில்தான் நடந்திருக்கிறது. போதாக்குறைக்கு எல்லாமே திருட்டு காப்பி. பரீட்சை ஹாலில் பிட்டு பிடிக்கிற டீச்சர் வீட்டில் இது வேண்டாமே.

பூட்டு உடைக்காத, ஒழுங்கான செகண்ட்ஹேண்ட் பிஎஸ்4 என்றால் பேச்சு வேறு. பணம் இல்லாத வீட்டுக்கு அது இன்றும் நல்ல வழிதான். பழைய டிஸ்க் மலிவாகக் கிடைக்கும், கிரிக்கெட்டும் ஃபுட்பாலும் நன்றாகவே ஓடும். வாங்குகிற இடத்திலேயே ஒரு பெரிய கேமை அரைமணி நேரம் ஓடவிட்டுப் பாருங்கள். ஃபேன் மிக்ஸி மாதிரி இரைந்தால் உள்ளே தூசியும், சிப்பின் சூட்டைக் கடத்தும் பேஸ்ட் காய்ந்துபோனதும்தான் காரணம். டிஸ்க்கை நாலு தடவை போட்டு எடுங்கள். உங்கள் போன் ஹாட்ஸ்பாட்டை இணைத்து, அங்கேயே சோனியின் ஆன்லைன் கணக்கில் உள்ளே நுழைந்து பாருங்கள். நுழைய முடியாவிட்டால் தொடாமல் எழுந்து வந்துவிடுங்கள். கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டுத் திரையைக் கவனியுங்கள். யாரும் தொடாமலே ஆள் நகர்ந்தால், கட்டைவிரலால் ஆட்டும் ஸ்டிக் தேய்ந்திருக்கிறது. ஆனால் பிஎஸ்4 வந்தது 2013இல். இப்போது வருகிற பெரிய கேம்களில் பல அதற்கு வருவதில்லை. ஐம்பதாயிரம் கையில் வைத்திருக்கும் நீங்கள் அந்தப் பக்கம் போக வேண்டியதில்லை.

தம்பி சொல்லும் ஸ்விட்ச் 2, பொருளாகப் பார்த்தால் அருமையானது. 2025 ஜூனில் வந்தது. டிவியில் போட்டு ஆடலாம், கையில் எடுத்துக்கொண்டு பஸ்ஸிலும் ஆடலாம். இரண்டு ஓரத்திலும் இருக்கிற கன்ட்ரோலரைக் கழற்றினால் அண்ணனுக்கு ஒன்று, தங்கைக்கு ஒன்று. தனியாக வாங்கித் தர வேண்டியதில்லை. ஒன்பது வயதுப் பிள்ளைக்கு மரியோ கார்ட் என்ற கார் பந்தயத்தைவிட நல்ல கேம் எனக்குத் தெரியவில்லை; பாட்டியே ஸ்டியரிங் பிடித்து சுவரில் மோதிச் சிரிப்பதைப் பார்த்திருக்கிறேன். உங்கள் வீட்டில் மகள் மட்டும் இருந்திருந்தால் இத்தோடு கடிதத்தை முடித்திருப்பேன்.

சிக்கல் வாங்கின பிறகுதான். நின்டெண்டோ இந்தியாவில் அதிகாரப்பூர்வமாகத் தொழில் செய்யவில்லை. கம்பெனி சர்வீஸ் கிடையாது, இந்தியாவுக்கென்று இணையக் கடை கிடையாது; கேம் வாங்க வேறு நாட்டுக் கணக்கு தொடங்கி, கிஃப்ட் கார்டு தேடி அலைய வேண்டும். அந்தக் கேம்களுக்கு ஒரு குணம் உண்டு: வருடம் எத்தனை ஆனாலும் விலை இறங்காது. 2017இல் வந்த மரியோ கார்ட் 8 டீலக்ஸ் இன்னமும் புதுப்படம் மாதிரிதான் விற்கிறது. ஸ்விட்ச் 2க்கு வரும் சில கேசட்டுகளில் கேமே இருக்காது, சாவி மட்டும்தான். கேமை இன்டர்நெட்டில் இறக்கிக்கொள்ள வேண்டும். அட்டையிலேயே அச்சடித்திருப்பார்கள், பார்த்து வாங்கச் சொல்லுங்கள். அப்படியும் தம்பி வாங்கத்தான் போகிறார் என்றால் ஒரு எச்சரிக்கை: ஜப்பான் உள்நாட்டுக்கென்று ஒரு மாடல் இருக்கிறது, விலை நன்றாகக் குறைவு. அதில் மொழி ஜப்பானியம் மட்டுமே, மாற்ற வழியே கிடையாது. மலிவாகக் கிடைத்தது என்று யாராவது அதைத் தலையில் கட்டிவிடப் போகிறார்கள்.

இதைவிடப் பெரிய தடங்கல், உங்கள் மகனின் சிநேகிதர்கள் ஒருவரிடமும் ஸ்விட்ச் இல்லை. பதினாலு வயதுப் பையன் தனக்குப் பிடித்த கேமைவிட சிநேகிதன் ஆடுகிற கேமைத்தான் ஆட விரும்புவான். அதை நாம் மாற்ற முடியாது.

கடைக்காரர் சொன்ன எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ், உங்கள் டிவியை வைத்துப் பார்த்தால் புத்திசாலித்தனமான யோசனைதான். அது 4கே (ஃபுல் எச்டியைவிடத் துல்லியமான) திரைக்காகச் செய்த கன்சோல் இல்லை. உங்கள் ஃபுல் எச்டி டிவிக்கு அளவெடுத்துத் தைத்தது மாதிரி. சின்னது, சத்தம் போடாது, கரண்டும் குறைவாகத்தான் குடிக்கும். கேம் பாஸ் என்று மாதச் சந்தா கட்டினால் நிறைய கேம்களை ஒரே கூடையில் தருவார்கள். நாலைந்து வருடத்துக்கு முன் கேட்டிருந்தால் நானே இதைத்தான் சொல்லியிருப்பேன், சொல்லியும் இருக்கிறேன். இப்போது மூன்று விஷயம் இடிக்கிறது. 512 ஜிபி மாடலில் கேம் போட மிஞ்சும் இடம் 364 ஜிபிதான். பெரிய கேம் மூன்று போட்டால் நிரம்பிவிடும். சந்தா விலை ஒரே மாதிரி நிற்பதில்லை: 2025 அக்டோபரில் அமெரிக்காவில் மேல்தட்டுச் சந்தாவை மாதம் 20 டாலரிலிருந்து ஒரே தடவையில் 30 ஆக்கினார்கள், இங்கேயும் ஏற்றினார்கள். எக்ஸ்பாக்ஸுக்கு மட்டுமே என்று பொத்திப் பொத்தி வைத்திருந்த கேம்களை மைக்ரோசாஃப்ட்டே பிஎஸ்5க்கு விற்க ஆரம்பித்துவிட்டது. ஃபோர்ஸா ஹொரைசன் 5 என்ற கார் பந்தய கேம் 2025 ஏப்ரலில் அங்கே போனது, கியர்ஸ் ஆஃப் வார் ஆகஸ்டில் போனது. எக்ஸ்பாக்ஸ் வாங்குகிறவருக்கு மட்டும் கிடைக்கிற பலகாரம் இலையில் குறைந்துகொண்டே வருகிறது.

எல்லாவற்றுக்கும் மேல், சீரிஸ் எஸ்ஸில் டிஸ்க் போடும் இடமே இல்லை. நகரத்தில் மாதச் சம்பளக்காரர் ஒருவர் தனக்காக வாங்கினால் இதைக் குறையாகவே சொல்ல மாட்டேன். உங்கள் வீட்டுக்கு இது பெரிய குறை. ஏன் என்று சொல்கிறேன்.

நாங்கள் சின்ன வயதில் டிவி கேம் ஆடியபோது ஒரு வீட்டில் கான்ட்ரா கேசட் இருக்கும், ஒரு வீட்டில் மரியோ இருக்கும். ஊதிப் போட்டால்தான் ஓடும். யாரிடமும் முழு செட் கிடையாது. ஆனால் தெருவுக்கே எல்லா கேமும் இருந்தது. இன்றைக்கும் சின்ன ஊர்களில் பிளேஸ்டேஷன் அப்படித்தான் ஓடுகிறது. டிஸ்க் பள்ளிக்கூடப் பையில் போகும், ஒரு வாரம் கழித்து வேறு டிஸ்க்காகத் திரும்பி வரும். புது கேம் ஒன்றின் விலை நாலாயிரம், ஐந்தாயிரம். அதை ஆடி முடித்துப் பாதி விலைக்கு விற்கலாம், மாற்றிக்கொள்ளலாம், இரவல் கொடுக்கலாம். டவுன்லோடு செய்த கேமை யாருக்கும் விற்க முடியாது. பிஎஸ்4 டிஸ்க்குகள், சொற்பமான சில தவிர, எல்லாமே பிஎஸ்5இல் ஓடும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த மூன்று சிநேகிதர் வீட்டு அலமாரியும் உங்கள் மகனுக்குத் திறந்துவிடுகிறது. எக்ஸ்பாக்ஸ் டிஸ்க்கை நம் பக்கத்துக் கடைகளில் கண்ணால் பார்ப்பதே அபூர்வம்.

ஆக, என் பதில் பிஎஸ்5. அதிலும் டிஸ்க் டிரைவ் உள்ள மாடல். இப்போது வரும் ஒல்லியான மாடல் 2024 ஏப்ரலில் இங்கே வந்தபோது டிஸ்க் உள்ளது 54,990 ரூபாய், டிஜிட்டல் (டிஸ்க் டிரைவ் இல்லாதது) 44,990 என்று விலை வைத்தார்கள். விலை அவ்வப்போது மாறும், நீங்கள் வாங்கும் அன்று பாருங்கள். தீபாவளியை ஒட்டி நாலைந்தாயிரம் குறைப்பது வழக்கம். அந்த வாரம்வரை பொறுத்தால் உங்கள் பட்ஜெட்டுக்குள் வர வாய்ப்பு உண்டு. சில ஆயிரம் மிச்சம் என்று டிஜிட்டல் பக்கம் சாயாதீர்கள். நாலைந்து டிஸ்க் கைமாறினால் அந்தப் பணம் வந்துவிடும். பின்னால் வேண்டுமானால் டிஸ்க் டிரைவைத் தனியாக வாங்கி மாட்டலாம் என்பது உண்மைதான், ஆனால் அது வேறு செலவு. பிஎஸ்5 ப்ரோ என்று விலை கூடிய மாடல் ஒன்று இருக்கிறது, அதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். அத்தனை விலைக்கும் டிஸ்க் டிரைவ் இல்லாமல்தான் வருகிறது.

டிவியை மாற்றாதீர்கள். பிஎஸ்5 எந்த எச்டிஎம்ஐ டிவியிலும் ஓடும், உங்கள் 43 அங்குலத்தில் அழகாகவே தெரியும். டிவி செட்டிங்கில் கேம் மோட் என்று இருந்தால் போட்டுவிடுங்கள். பொத்தானை அமுக்குவதற்கும் திரையில் ஆள் குதிப்பதற்கும் நடுவில் இருக்கிற தாமதம் குறையும். கிரிக்கெட்டில் பேட்டிங் செய்யும்போது அந்த வித்தியாசத்தை அவனே சொல்வான்.

செலவுக் கணக்கு. பெட்டியில் ஒரு கன்ட்ரோலர்தான் வரும். இரண்டாவது ஏறக்குறைய ஆறாயிரம். அண்ணன் தங்கை சண்டை வராமல் இருக்க அது கட்டாயம். இதைத் தம்பியிடம் கேளுங்கள்! ஸ்விட்ச் 2க்குப் பதிலாக ஒரு பிஎஸ்5 கன்ட்ரோலர் வாங்கி வரச் சொன்னால் அவருக்கும் செலவு மிச்சம், மாமா கொடுத்தது என்று பிள்ளைகளுக்கும் பெருமை. கன்ட்ரோலருக்கு நாட்டுக்கு நாடு வேறுபாடு கிடையாது. வாரண்டி இங்கே செல்லாது, இந்தச் சின்னப் பொருளுக்கு அந்த ரிஸ்க் எடுக்கலாம்.

பிஎஸ் ப்ளஸ் சந்தா முதல் ஆறு மாதத்துக்கு வேண்டாம். காசு கொடுத்து வாங்கிய கேமை ஆன்லைனில் ஆடத்தான் அது வேண்டும். ஃபோர்ட்நைட், ராக்கெட் லீக் மாதிரி இலவச கேம்களைச் சந்தா இல்லாமலே சிநேகிதர்களோடு ஆடலாம். ராக்கெட் லீக்கில் ஒரே டிவியைப் பிரித்துக்கொண்டு அண்ணனும் தங்கையும் சேர்ந்தே ஆடலாம். ஆஸ்ட்ரோஸ் ப்ளேரூம் என்ற கேம் கன்சோலுக்குள்ளேயே இலவசமாக இருக்கும். மகளுக்கு அதிலிருந்து ஆரம்பியுங்கள், மகனும் பிடுங்கி ஆடுவான். அவளுக்குப் பிடித்துப்போனால் அதன் பெரிய தம்பி ஆஸ்ட்ரோ பாட் இருக்கிறது, 2024இல் அந்த வருடத்தின் சிறந்த கேம் என்று விருது வாங்கியது. மைன்கிராஃப்ட் ஒரு காப்பி வாங்கினால் இருவரும் ஒரே திரையில் வீடு கட்டலாம். கிரிக்கெட், ஃபுட்பால் இரண்டும் சிநேகிதர் வீட்டிலிருந்து இரவல் வரும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. முதல் தீபாவளிக்கு நீங்கள் டிஸ்க்கே வாங்க வேண்டியிருக்காது.

கரண்ட் பில்லைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, வீட்டில் யாராவது கேட்பார்கள். பெரிய கேம் ஓடும்போது பிஎஸ்5 சுமார் 200 வாட் எடுக்கும். தினம் இரண்டு மணி நேரம் ஆடினால்கூட இரண்டு மாதத்துக்கு 24 யூனிட், டிவி தனி. இன்டர்நெட் கணக்கு இதைவிட முக்கியம். 100 ஜிபி கேம் ஒன்றை 40 எம்பிபிஎஸ் பிராட்பேண்டில் இறக்க ஐந்தரை மணி நேரம் ஆகும். தினம் 2 ஜிபி தரும் போன் ரீசார்ஜை நம்பினால் ஐம்பது நாள். வீட்டில் பிராட்பேண்ட் இல்லை என்றால் டிஸ்க் மாடலுக்கு இதுவும் ஒரு காரணம். டிஸ்க்கில் வாங்கினாலும் அப்டேட் வரும், ஆனால் முழு கேமையும் இறக்க வேண்டியிராது.

ஜிடிஏ (கார் திருட்டும் துப்பாக்கிச் சூடும் நிறைந்த கேம்) விஷயத்தில் உங்கள் சந்தேகம் சரியாகத்தான் இருக்கும். ஆறாவது பாகம் 2026 நவம்பர் 19 என்று அறிவித்திருக்கிறார்கள், பிஎஸ்5க்கும் எக்ஸ்பாக்ஸ் சீரிஸுக்கும். போன பாகமே பதினெட்டு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு என்று முத்திரை குத்தி வந்தது. சும்மா பேருக்குக் குத்திய முத்திரை இல்லை. ஒன்பதாம் வகுப்புக்கு வேண்டாம் என்பது என் கருத்து. ஆனால் அதை வாங்கிய பிறகு சண்டை போட்டுச் சொல்லாமல், வாங்குவதற்கு முன்னாலேயே பேசி முடித்துவிடுங்கள்.

அதற்கு ஒரு வழி கன்சோலிலேயே இருக்கிறது. முதல் கணக்கு உங்கள் பெயரில், உங்கள் உண்மையான பிறந்த தேதியில் தொடங்குங்கள். பிள்ளைகள் இருவரையும் அதற்குக் கீழே குடும்ப உறுப்பினராகச் சேருங்கள். தினம் எத்தனை மணி நேரம், எந்த வயதுக்கான கேம், மாதம் எவ்வளவு செலவழிக்கலாம் என்று எல்லாவற்றையும் உங்கள் போனிலிருந்தே பூட்டலாம். செலவு வரம்பில் பூஜ்யம் போடுங்கள். உங்கள் கணக்குக்குக் கடவுச்சொல் எண் வையுங்கள், அது வீட்டு டிவி லாக் எண்ணாக இருக்க வேண்டாம். பல வீடுகளில் பையனே உட்கார்ந்து எல்லாவற்றையும் செட் செய்கிறான், அவன் கணக்கில் அவனுக்கு வயது இருபத்தைந்து ஆகிவிடுகிறது. வங்கி அட்டையை அதில் ஏற்றவே வேண்டாம். ஏதாவது வாங்க வேண்டியிருந்தால் கிஃப்ட் கோடு வாங்கிப் போட்டுக்கொள்ளலாம்.

பெட்டியை எங்கே வைப்பது என்பதில் மட்டும் கொஞ்சம் கண்டிப்பாக இருக்கப் போகிறேன், ஏனென்றால் என் பிழைப்பே அதில்தான் ஓடுகிறது. கண்ணாடிக் கதவு போட்ட ஷோகேஸுக்குள் வைக்காதீர்கள், காற்று போகாது. சாமி அலமாரிக்குப் பக்கத்தில் வேண்டாம். சாம்பிராணிப் புகையும் தூசியும் சேர்ந்தால் ஃபேனில் கறுப்பு மெழுகு மாதிரி ஒட்டிக்கொள்ளும், சுரண்டி எடுப்பதற்குள் எனக்கு அரை நாள் போய்விடும். சூடாக இருக்கிற இடம் கரப்பான் பூச்சிக்குப் பிடிக்கும். பல்லிக்கும் பிடிக்கும், உள்ளே போய் ஷார்ட் ஆகிச் செத்துக் கிடந்த பல்லியை நான் எத்தனையோ தடவை எடுத்திருக்கிறேன். திறந்த ஸ்டாண்டில், சுவரிலிருந்து அரை அடி தள்ளி வையுங்கள். இடி மின்னல் வந்தால் பிளக்கைப் பிடுங்குங்கள், கூடவே பிராட்பேண்ட் வயரையும். எச்டிஎம்ஐ வயரைச் சும்மா சும்மா கழற்றி மாட்ட வேண்டாம். அந்தச் சின்ன ஓட்டை உடைந்துதான் பாதிப் பேர் என்னிடம் வருகிறார்கள். மகன் கன்சோலைத் தூக்கிக்கொண்டு சிநேகிதன் வீட்டுக்குப் போகிறேன் என்றால் டிஸ்க்கையும் கன்ட்ரோலரையும் மட்டும் கொடுத்து அனுப்புங்கள்.

பில் வாங்குங்கள், பில்லில் சீரியல் நம்பர் இருக்கிறதா பாருங்கள். ஒரு வருட வாரண்டி அதை வைத்துத்தான்.

அப்புறம், வாங்கியதைத் தீபாவளி காலைவரை கட்டிவைக்காதீர்கள். முந்தின ராத்திரி பிள்ளைகள் தூங்கிய பிறகு நீங்களும் சாரும் பிரித்து, மாட்டி, கணக்கைத் தொடங்கி, அப்டேட்டைப் போட்டுவிட்டுத் திரும்பவும் பெட்டிக்குள் வைத்துவிடுங்கள். இல்லையென்றால் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு வந்த பையன், புதுச் சட்டையோடு டிவி முன்னால் உட்கார்ந்து மத்தியானம்வரை அந்த நீலக் கோடு நகர்வதைத்தான் பார்த்துக்கொண்டிருப்பான்.